சொல்லின் வாசலில் நின்றவர்கள்

வெள்ளிக்கிழமை காலையில் ஏசியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க ஊருக்குக் கேசட் பேசிய வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தச் சிவப்புப் பொத்தானைச் சொன்னாலே போதும்.

சரி, மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போன் பேசுவது கல்யாணம், சாவு என்றால்தான். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். போனாலும் அதில் இருமல் கேட்காது, சிரிப்புக் கேட்காது. ஆகவே குரலையே அனுப்பினோம். டேப் ரிக்கார்டரில் ஆளுக்குக் கொஞ்சம் பேசி, லீவில் ஊருக்குப் போகிற யாராவது ஒருவரின் பெட்டிக்குள் அந்தக் கேசட்டைத் திணித்துவிடுவோம். ஏ பக்கத்தில் நாம் பேசினால், அதே கேசட்டின் பி பக்கத்தில் ஊரார் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள்.

நாங்கள் இருந்தது யான்புவில். செங்கடல் கரையில் சுத்திகரிப்பு ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கம்பெனி கேம்ப்பில், தகரப் பெட்டி போன்ற கேபின் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வீட்டின் நெற்றியில் ஒரு ஜன்னல் ஏசி. அது ஓடினால் வீட்டுக்குள் லாரி நிற்பதுபோல இரையும். அந்த இரைச்சல் கேசட்டில் விழுந்தால் ஊரில் ஒன்றும் கேட்காது. ஆகவே ஏசியை அணைப்போம், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவோம், பத்து நிமிடத்துக்குள் பேசி முடிப்போம். அதற்கு மேல் வீடு அடுப்பாகிவிடும். சாமி படங்கள் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மா முதலில் உட்காருவாள். அவள் பேச்சில் பாதி நேரம் “கேக்குதா? கேக்குதா?” என்பதிலேயே போய்விடும். கேசட்டிடம் போய்க் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்!

கடைசியில் என் முறை வரும். எனக்கு ஒன்பது வயது. எனக்குத் திக்குவாய்.

பயப்படாதீர்கள், இது சோகக் கதை இல்லை. எனக்கு இன்றைக்கும் திக்கும். ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையில் பல வருடங்களாக நாள் முழுவதும் பேசித்தான் பிழைக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் பேச்சை நிறுத்த வழி தெரியாமல் அவர்கள்தான் திணறுகிறார்கள்.

ஒன்பது வயதில் அப்படி இல்லை. சொல் நெஞ்சில் இருக்கும், நாக்கு நுனியில் இருக்கும், அதன் முதல் எழுத்து மட்டும் வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும். ‘ப’ என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். ‘க’ என்றால் தொண்டை பூட்டிக்கொள்ளும். வாசலைத் தாண்டிவிட்டால் மிச்சச் சொல் மடமடவென்று வந்துவிடும்.

அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் மானிகளையும் வால்வுகளையும் சரிசெய்கிற விரல்கள் அவருடையவை. எங்கள் டேப் ரிக்கார்டரில், பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில், டேப்பைச் சற்று நிறுத்திவைக்கப் பாஸ் பட்டன் என்று ஒன்று இருந்தது. அப்பா அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சிக்கினேனோ, ‘டக்’. டேப் நின்றுவிடும். நான் முட்டி மோதிச் சொல்லை வெளியே தள்ளியதும் கண்ணாலேயே “இன்னொரு தரம்” என்பார். ஒருமுறை வந்துவிட்ட சொல் சூட்டோடு சூடாக மறுமுறை சுலபமாக வரும். அந்த நொடியில் மறுபடி ‘டக்’. டேப் ஓடும். இப்படி வெட்டி வெட்டி ஒட்டிய என் குரலைப் போட்டுக் கேட்டால், நான் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருப்பேன்.

ஏன் இந்தப் பாடு? பெரியப்பாவுக்காகத்தான்.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அப்பாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். தாத்தா போனபிறகு அப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. அதிகம் சொல்லவும் மாட்டார். பள்ளிக்கூடத்தையே பார்வையால் நடத்துகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். கேசட்டில்கூட நாலு வரிதான் பேசுவார். அதற்குள்ளும் அங்கங்கே டக், டக் என்று விழும். “ஊர்ல கரெண்டு வந்து வந்து போகுது போல, பாவம்” என்பாள் அம்மா.

அந்தப் பெரியப்பா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: ‘பாப்பாவின் பேச்சு இந்தக் கல்வியாண்டுக்குள் சரியாகாவிட்டால் அவளை இங்கே அனுப்பி வை. ஹாஸ்டலில் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்.’

அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்தார். அடுத்த வெள்ளியிலிருந்துதான் பாஸ் பட்டன் ஆரம்பமானது. என்னை அனுப்ப மனமில்லாமல் அண்ணனிடம் சொன்ன பொய் அது. வாயால் சொல்லாமல், விரலால் சொன்னார். இது அப்போது எனக்குப் புரியவில்லை. என் பேச்சில் வெட்டி எறிய வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது, அது அப்பாவுக்கே அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும்தான் புரிந்தது.

அந்த வருடம்தான் பக்கத்து கேபினுக்கு ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. கிளந்தான்காரர்கள். மலேசியாவில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய கடலோரம் அது. அந்த அப்பா வெல்டிங் இன்ஸ்பெக்டர். அந்த அம்மா கேம்ப்பு முழுவதுக்கும் துணி தைப்பவர். மகள் என் வயது, என் பஸ், என் வகுப்பு. அவளைத் தோழி என்றே சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி பள்ளிக்கூடத்து ஆங்கிலமும், மளிகைக் கடை அரபியும், பஸ் டிரைவர் பாயிடம் கற்ற இந்தியும் சேர்ந்த ஒரு கதம்பம். அதை இங்கே தமிழாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த அம்மா தையல் மிஷினில் இருந்தார். உதடுகளுக்கு நடுவில் நாலைந்து குண்டூசிகள். ஊசிகளை எடுக்காமலே என்னைப் பார்த்து “மக்கே, மக்கே” என்றார். சாப்பிடு என்கிறார். தட்டில் வாழைப்பழ பஜ்ஜி.

அதற்குப் பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். அந்த வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் வந்தது. அதன் முதல் எழுத்தில் அவர் நின்றார். ஜ்... என்று ஒரு நொடி பிடித்து, பிறகு விட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உடனே தோழியின் முகத்தைத்தான் பார்த்தேன். திக்குகிறவர்களுக்குத் தெரியும், நாம் சிக்கியதும் எதிரில் இருப்பவர் கண்ணைத் தாழ்த்துவார், அல்லது சொல்லை எடுத்துக் கொடுப்பார். தோழி இரண்டையும் செய்யவில்லை. பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “உங்க அம்மாவுக்கும் தி... திக்குமா?”

“இல்லையே, ஏன்?”

“ஜ்ஜலேன்னு நின்னு சொன்னாங்களே.”

“அது நடக்கறது. நிக்காம ஜலேன்னு சொன்னா அது பாதை.” இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்துதான் வந்தேன். சொல்லின் தலையில் நிற்பது ஒரு ஊரில் குறையே இல்லை, அங்கே அது ஓர் எழுத்து! நின்றால் ஒரு பொருள், நிற்காவிட்டால் வேறு பொருள். லபொ என்றால் லாபம். நம்முடைய லாபமேதான், என்றைக்கோ கப்பலேறிப் போய் வாலை இழந்து லபொ ஆகியிருக்கிறது. ல்லபொ என்று பிடித்துச் சொன்னால் சிலந்தி. மக்கே சாப்பிடுவது, ம்மக்கே சாப்பிடப்படுவது. தையல்காரி அம்மா வாயில் ஊசியோடு இருக்கும்போது இந்த ம்ம-க்கள்தான் எவ்வளவு அழகாக வரும்! உதட்டைத் திறக்காமலே சொல்லின் வாசலில் நின்று, ஊசி ஒன்றுகூட விழாமல் உள்ளே போய்விடுவார்.

நாமும் அழுத்துகிறவர்கள்தான். பலி வேறு, பல்லி வேறு. ஆனால் நாம் நடுவில் அழுத்துவோம். சொல்லின் தலையில் மெய்யெழுத்து நிற்கக் கூடாது என்று நமக்குச் சட்டமே உண்டு. அவர்கள் தலையில் அழுத்துவார்கள், வாலைக் காற்றில் விடுவார்கள். தோழிக்கு ஊரிலிருந்து வந்த மலாய்ப் பாடப்புத்தகத்தில் மக்கான், இக்கான், ஜாலான், மாலாம் என்று இருக்கும். வீட்டில் எல்லாம் மக்கே, இக்கே, ஜலே, மலே. சாப்பாடு, மீன், பாதை, இரவு நான்குக்கும் ஒரே வால்தான். நம் எழுத்தில் ஏ என்றுதான் எழுத முடிகிறது, உண்மையில் அது ஆட்டுக்குட்டி ‘மே’ என்னும்போது வருகிற அகன்ற ஏ. நாமோ பஸ் என்றாலும் பஸ்ஸு, கார் என்றாலும் காரு என்று கடைசிக் கதவைத் திறந்தே வைப்பவர்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சூட்டைப் புத்தகம் பனஸ் என்கிறது. அவர்கள் அந்த ஸ்-ஐ எடுத்துவிட்டு வெறும் மூச்சை வைத்திருந்தார்கள். பனஹ். யான்பு வெயிலில் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி, புத்தகப் பையைப் போட்டுவிட்டு, “பனஹ்!” என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே பெருமூச்சு இருக்கிறது. தனியாக விட வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் மனைவி துணி கொடுக்க வந்தால் மட்டும் அந்த அம்மா வாலையெல்லாம் எடுத்து மாட்டிக்கொண்டு, மக்கான், இக்கான் என்று பேசுவார். அந்தப் பெண்மணி போனதும் தோழி என்னிடம், “அம்மா இப்ப ஷூவைக் கழட்டிட்டாங்க” என்பாள்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னைக் குடைந்தது. ல்ல, ம்ம என்றால் பிடித்து நிற்பது காதில் விழும். ‘க’வை எப்படிப் பிடிப்பது? கத்தோ என்றால் அடிப்பது. க்கத்தோ என்றால் தவளை. இரண்டுக்கும் கடைசியில் தொண்டைக்குள் சின்னக் கதவு ஒன்றைச் சாத்துவார்கள், அது இருக்கட்டும். முதல் க்-ஐப் பிடித்து நின்றால் வாய்க்குள் சத்தமே இல்லையே, மௌனம்தானே?

“ஆமா,” என்றாள் தோழி. “ஆனா கேக்கும்.”

இதைச் சோதிக்க ஒரு விளையாட்டு வைத்தோம். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு குடும்பமும் கடற்கரைக்குப் போவோம். பெரியவர்கள் பிளாஸ்க்கோடு பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் முழங்கால் தண்ணீரில். அவள் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நான் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடி என்றால் அவள் தண்ணீரை அடிக்க வேண்டும். தவளை என்றால் குதிக்க வேண்டும். நான் தொண்டையைப் பூட்டுவேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பூட்டு. ஆனால் இந்த முறை நானே பூட்டியது. சத்தமே இல்லாமல் ஒரு கணம். பிறகு சொல் தெறித்துக்கொண்டு வரும், முதல் பாதி கொஞ்சம் உரக்க, கொஞ்சம் உயர. அவள் குதிப்பாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

“உனக்குத் தவளை எங்க மாமா பொண்ணுங்களைவிட நல்லா வருது,” என்றாள்.

என் பேச்சைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் பாராட்டு அது.

அவர்களும் ஊருக்குக் கேசட் பேசுவார்கள். அந்த அம்மாவின் முறை வேறு. ஏசியை அணைப்பார், பட்டனை அமுக்குவார், அதோடு சரி. பக்கம் தீரும்வரை டேப் பாட்டுக்கு ஓடும். நடுவில் துணி தைப்பார், தேநீர் உறிஞ்சுவார், யாராவது கதவைத் தட்டினால் போய்த் திறப்பார். எல்லாம் கேசட்டில் விழும். “நான் இல்லாத வீட்ல என்ன சத்தம் கேக்கும்னு அவங்களுக்குத் தெரியணும்ல” என்று சொன்னதாகத் தோழி சொன்னாள். ஒருநாள் கிளந்தானின் தலைநகர் கோத்தா பாருவில் இருந்த அவருடைய அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்தவர், என்னையும் பேசச் சொல்லிக் கை காட்டினார். நான் கற்ற நாலு சொல்லைச் சொன்னேன். பிறகு என் பேரைச் சொல்லப் போனேன். சிக்கிக்கொண்டது. உங்களுக்கே தெரியும், எங்களைப் போன்றவர்களுக்கு உலகத்திலேயே கடினமான சொல் சொந்தப் பேர்தான். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தையல் மிஷின் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். பேர் வந்தது. அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் ஒரு தப்பு செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெருமை காட்ட, “ச்ச்சோறு போதும், ம்ம்மீன் வேணும்” என்று தலையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னேன்.

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. “ஏட்டி, என்ன இப்ப வேணும்னே இழுக்கா? ஏங்க, கேட்டீங்களா? அந்த வீட்டுக்குப் போயிப் போயித்தான். அங்க எல்லாரும் இழுத்து இழுத்துல்லா பேசுதாங்க! இவளுக்குத் தொத்திக்கிட்டு.”

“நாக்கு ஒண்ணு,” என்றார் அப்பா. “ஸ்கூல்ல இங்கிலீஷ், பஸ்ல இந்தி, கடையில அரபி, இப்ப மலாய். எத்தனை ரோடுதான் போடுறது? குழம்பத்தான் செய்யும். இனிமே தமிழ் மட்டும். அங்க போகாண்டாம்.”

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வசம்பு. ஊரிலிருந்து வந்த கறுத்த துண்டு ஒன்றைத் தேனில் உரைத்து அம்மா என் நாக்கில் தடவுவாள். அந்தக் காரக் கசப்பு பத்து மணி வரை வாயில் நிற்கும். “இந்த ஊர்ல தார் ரோடே உருகுது, ஒன் வாய் உருகமாட்டேங்குதே” என்று அவள் கண் கலங்குவாள். பஸ்ஸில் தோழி வழக்கம்போல் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நான் முன்னால் போய் டிரைவர் பாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல வந்திருக்காது.

இதற்கிடையில் அப்பா தன் வாழ்நாள் சாதனையாக ஒரு கேசட் தயாரித்திருந்தார். பள்ளியில் நான் முதல் மார்க் வாங்கியதை நானே பெரியப்பாவிடம் விவரிக்கிறேன். இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு பிசிறு கிடையாது. அதற்காக ஒரு மணி நேரம் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தோம் என்பது ஊருக்குத் தெரியாது.

பெரியப்பாவின் பதில் கடிதமாக வந்தது. ‘கேட்டேன். நம்ப முடியவில்லை. நேரடியாகக் கேட்க வேண்டும். அடுத்த மாதம் முதல் வெள்ளி மாலை பள்ளி ஆபீசில் போன் அருகே இருப்பேன். பாப்பாவே பேச வேண்டும்.’

அப்பா அந்தக் கடிதத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். போனில் பாஸ் பட்டன் கிடையாதே.

டவுனில் டெலிபோன் ஆபீசில் வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள் இருக்கும். நம்பர் எழுதிக் கொடுத்துக் காத்திருந்தால், “ஹிந்தி! மூணாம் நம்பர், யல்லா!” என்று கத்துவார்கள். அரபியில் இந்தியர் எல்லோரும் ‘ஹிந்தி’தான், ‘யல்லா’ என்றால் சீக்கிரம். அப்பா என்னைக் கூண்டுக்குள் விட்டு ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே நின்றார். கண்ணாடியில் அவர் உள்ளங்கை ஒட்டியிருந்தது.

“ஹலோ,” என்றது பெரியப்பாவின் குரல்.

பெரியப்பா என்று ஆரம்பிக்க வேண்டும். ‘பெ’. உதடு ஒட்டிக்கொண்டது. வியர்வை வழிந்தது. நான் நின்றேன். அந்தப் பக்கமும் ஒரு சத்தமும் இல்லை. கடலுக்கடியில் ஏதோ உறுமுவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் “பேசு” என்று அதட்டவில்லை. “ஹலோ ஹலோ” என்று கத்தவும் இல்லை. அவர் பார்வைதான் கடல் தாண்டி வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

அப்பா கதவைத் திறந்து ரிசீவரைப் பிடுங்கினார். “அண்ணே! லைன் சரியில்ல போல, அண்ணே!” கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரிசீவரைப் பார்த்தார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் வெளியே காத்திருந்த அம்மா.

“‘கேசட்’னாங்க. அந்த ஒரு வார்த்தைதான். வச்சிட்டாங்க.”

“அம்புட்டுக் கோவமா! கேசட்ல ஏமாத்தினது தெரிஞ்சு போச்சா?”

அன்று இரவுச் சமையலுக்கு முன்பாகவே அம்மா அலமாரி மேலிருந்த சிவப்புப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அது என் அளவுப் பெட்டி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. கதவு தட்டும் சத்தம். தையல்கார அம்மா, கையில் வாழைப்பழ பஜ்ஜித் தட்டோடு. பின்னால் தோழி, மார்போடு அணைத்த டேப் ரிக்கார்டரோடு. எனக்கு அவர்கள் வீட்டுக்குத் தடை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஏதோ மனவருத்தம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் இருக்க அம்மாவுக்குத் தெரியாது. உட்கார்ந்ததும் தோழி பட்டனை அமுக்கினாள்.

பி பக்கம். கோத்தா பாருவிலிருந்து ஒரு பெண் குரல். பேசிக்கொண்டே போய் ஓரிடத்தில் சிரித்தது. தோழி நிறுத்தி, அப்பாவுக்குச் சொன்னாள். “அங்கிள், எங்க பெரியம்மா இவளைப் பத்திச் சொல்றாங்க. ‘இந்தப் பிள்ளை யாரு? வாசல்ல நின்னு கதவைத் தட்டிட்டுத்தான் ஒவ்வொரு சொல்லுக்குள்ளயும் வருது. மரியாதை தெரிஞ்ச பிள்ளை. நம்ம பசங்க டிவி பாத்துட்டு இப்ப எல்லாச் சொல்லையும் தள்ளிக்கிட்டு உள்ள ஓடுறாங்க.’ அப்படின்னு.”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இவ எப்ப இவங்களுக்குப் பேசினா?”

தோழி கேசட்டைத் திருப்பிப் போட்டாள். ஏ பக்கம். தையல் மிஷின் சத்தம், தேநீர் உறிஞ்சும் சத்தம். பிறகு என் குரல், நாலு மலாய்ச் சொல். பிறகு ஒன்றும் இல்லை. சக்கரம் மெல்ல உருளும் சத்தம் மட்டும். அப்பாவின் ஆள்காட்டி விரல் தானாகவே அசைந்தது, பார்த்தேன். அது பட்டனைத் தேடியது. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு என் பேர் வந்தது, முழுதாக. அதற்குப் பின்னால் நான் சிரித்த சிரிப்பு.

அப்படி நான் சிரித்தது எங்கள் வீட்டுக் கேசட் எதிலும் இல்லை. பேர் வந்த நிம்மதியில் வருகிற சிரிப்பு அது. நிற்பதை வெட்டினால் இதுவும் சேர்ந்துதான் போயிருக்கும்.

“இன்னொரு தரம் போடும்மா,” என்றார் அப்பா. கேட்டார். பிறகு அம்மாவிடம், தாழ்ந்த குரலில், “நான் எல்லாத்தையும் வெட்டிட்டேன், என்ன?” என்றார்.

அம்மா எழுந்தாள். தையல்கார அம்மாவின் தட்டில் முறுக்கை நிரப்பிக் கொடுத்து அனுப்பினாள். வசம்புத் துண்டு அப்புறம் கண்ணில் படவில்லை.

அவர்கள் போனதும் அப்பா எழுந்து ஏசியை அணைத்தார், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். டேப் ரிக்கார்டரை என் முன்னால் வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. நடுவில் தாங்க முடியாமல் அம்மா பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அப்பா அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். நான் சொன்னது இவ்வளவுதான்:

“பெரியப்பா, பாப்பா பேசுதேன். எனக்கு இன்னும் திக்கும். முன்னாடி அப்பா டேப்பை நிறுத்திருவாங்க. இன்னைக்கு நிறுத்தல. நான் இங்கேயே இருக்கேனே.”

வெட்டாமல் அனுப்பினோம். பிறகு காத்திருந்தோம். சிவப்புப் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

இப்போது அந்தக் கேசட்டுகள் எதுவும் இல்லை. குவைத் யுத்தம் வந்த வருடம் அவசரமாக யான்புவைக் காலி செய்தபோது போனவை போனவைதான். டேப் ரிக்கார்டரையும் யாரிடமோ கொடுத்துவிட்டோம். தோழி மட்டும் மிஞ்சினாள். கிளந்தானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். செல்போனில் குரல் அனுப்புவாள். பிள்ளைகள் இப்போது வாலோடுதான் பேசுகின்றன என்று திட்டுவாள். போன பிறந்தநாளுக்கு எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: தவளை. திரையில் குரலைக் கோடுகளாகக் காட்டுமே, அதில் தொடக்கத்தில் தட்டையாக ஒரு சின்ன இடைவெளி, அதற்குப் பிறகுதான் மலை எழும்புகிறது. நாற்பது வருடங்களுக்கு முன் அவள் சொன்னது சரிதான். சத்தமில்லாததும் கேட்கத்தான் செய்கிறது.

பெரியப்பாவின் பதிலுக்கு வருகிறேன்.

லீவு முடிந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கேசட்டின் பி பக்கம். அப்பா போட்டார். ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் ஒன்றும் இல்லை. “காலிக் கேசட்டா?” என்றாள் அம்மா. அப்போது, இரைச்சலுக்கு அடியில், ஏதோ முட்டுவது போலிருந்தது.

“ப்...”

மூவரும் குனிந்தோம்.

“ப்... ப்... பாப்பா.”

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்பா அசையவில்லை. பதினாறு வயது மூத்த அண்ணன், பார்வையால் பள்ளிக்கூடம் நடத்துகிற அண்ணன், தன் கேசட்டில் இத்தனை வருடமாக எதை டக், டக் என்று வெட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கரெண்டு பாவம், அது ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

“அன்னைக்கு லைன் ந... நல்லாத்தான் இருந்தது,” என்றார் பெரியப்பா. வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஊரில் எங்கோ ஒரு சைக்கிள் மணி. “எனக்கும் வ... வரல. அதான் கேசட்னேன்.” மறுபடி வெகுநேரம். “ஹாஸ்டல்ல எனக்குச் செஞ்சதையெல்லாம் உனக்கும் செய்யப் பாத்தேன். நீ அ... அ...”

அப்பா எழுந்தார். கேட்பதற்கு யாரும் ஏசியை அணைப்பதில்லை, பேசுவதற்குத்தான் அணைப்போம். அவர் போய் ஏசியை அணைத்தார். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். வந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார்.

வீடு அமைதியானது. டேப் சுற்றியது. வியர்வை வழிய, மூவரும் அந்த ‘அ’வின் வாசலில் பெரியப்பாவோடு நின்றோம்.

“...அங்கேயே இரு.”